கல்லூரிச் சூளை உங்களோடு வராது: செராமிக் படிப்பவர்கள் கவனத்துக்கு

செராமிக் படித்து முடித்த கையோடு பட்டறையில் உதவியாளராகச் சேர வருபவர்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். பெரும்பாலும் நல்ல கைவேலை. மெல்லிய விளிம்பு, சுத்தமாகச் சீவிய அடிப்பாகம், யோசித்துச் செய்த வடிவங்கள். படங்களைப் பார்த்துவிட்டு, "இதை எந்த வெப்பத்தில் சுட்டீர்கள், எவ்வளவு நேரம் ஆனது?" என்று கேட்பேன். "அதெல்லாம் டெக்னீஷியன் பார்த்துக்கொள்வார்" என்பதுதான் பலர் சொல்லும் பதில். பாத்திரத்தின் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சான கிளேஸில் என்ன கலந்திருந்தது என்று கேட்டாலும் இதே கதைதான். வாளியில் இருந்தது, முக்கி எடுத்தோம் என்பார்கள்.

மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பாதுகாப்பு விதிகளைக் காரணம் காட்டிச் சூளைப் பக்கமே விடாத கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் படிப்பு முடிந்ததும் சூளை, டெக்னீஷியன், கிளேஸ் வாளிகள், மண் கலக்கும் இயந்திரம் எல்லாம் மொத்தமாகக் கையை விட்டுப் போய்விடும். என்னைக் கேட்டால், சக்கரத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது சூளைக்கும் சோதனைத் துண்டுகளுக்கும் கொடுங்கள் என்பேன். வனைவதைப் பிறகு ஒரு சக்கரம் கிடைத்தால் எங்கே வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க, அடுத்தவர் செலவில் நூறு முறை சூளை ஏற்றி இறக்கும் வாய்ப்பு மறுபடி சுலபத்தில் அமையாது.

சூளைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி விபத்துகளைத் தவிர்க்கலாம். பாத்திரம் வெடித்தால் காற்றுக்குமிழிதான் காரணம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலும் காயாமல் மிச்சமிருக்கும் ஈரம்தான் காரணம். 100 டிகிரியைத் தாண்டும்போது அது நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் சுவரைப் பிளக்கிறது. அதற்கு மேலே 450 முதல் 600 டிகிரி வரை, மண்ணோடு வேதியியலாகப் பிணைந்திருக்கும் நீர் வெளியேறும். 573 டிகிரியில் குவார்ட்ஸ் படிகம் உருமாறி விரிகிறது. சூளை ஆறி இறங்கும்போது அதே இடத்தில் திரும்பச் சுருங்குகிறது. பெரிய தட்டுகள் ஆறும்போது விரிசல் விடுவதற்கு இது முக்கியமான காரணம். ஆர்வம் தாங்காமல் சூளைக் கதவை முன்கூட்டியே திறப்பவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கோன். சூளைக்குள் பாத்திரங்களோடு வைத்து, போதுமான அளவு சுட்டதும் வளைந்து காட்டும் கூம்பு. 1886இல் ஜெர்மனியில் ஹெர்மன் சேகர் இந்தச் சிறு கூம்புகளை உருவாக்கினார். பத்து வருடம் கழித்து அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன் தன் வரிசையைத் தயாரிக்கத் தொடங்கினார். இன்றைக்கு டிஜிட்டல் கன்ட்ரோலர் இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றலாம். கன்ட்ரோலர் காட்டுவது அந்த நிமிடத்து வெப்பத்தை. கிளேஸ் உருகுவதோ வெப்பம், நேரம் இரண்டையும் பொறுத்தது. கோன் அந்த இரண்டையும் சேர்த்துக் காட்டும். ஆர்ட்டனின் 6ஆம் எண் கோன், கடைசிக் கட்டத்தில் மணிக்கு 60 டிகிரி வீதம் ஏற்றினால் 1222 டிகிரி வாக்கில் வளைகிறது. 150 டிகிரி வீதம் ஏற்றினால் 1243 டிகிரி வரை போக வேண்டியிருக்கிறது. போதாததற்கு, சூளையின் வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் பழசாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பான அளவு காட்டத் தொடங்கும். அதனால் ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கோன் வையுங்கள். மேலடுக்கும் கீழடுக்கும் ஒரே மாதிரி சுடவில்லை என்பது அப்போதுதான் தெரியும். அந்தச் சூளையின் குணத்தை நோட்டில் எழுதிவைத்தால் எந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

நோட்டு என்றதும் இங்கிலாந்துக் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட் ஞாபகம் வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஜாஸ்பர் என்ற தன் மண்கலவையைக் கண்டுபிடிக்க அவர் ஆயிரக்கணக்கான சோதனைத் துண்டுகளைச் சுட்டார். ஒவ்வொன்றிலும் எண் போட்டு, அதற்கான குறிப்பைத் தனியே எழுதி வைத்தார். கலைக் கல்லூரியில் அவ்வளவு வேண்டாம். ஆனால் எண் இல்லாத சோதனைத் துண்டு குப்பைதான். எவ்வளவு அழகான நிறம் வந்திருந்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. துண்டின் அடியில் அயர்ன் ஆக்சைடால் எண் எழுதுங்கள், சுட்டாலும் அழியாது. துண்டைப் படுக்கப் போடாமல் நிற்கும்படி செய்யுங்கள். கிளேஸ் வழிகிறதா என்று நின்றால்தான் தெரியும்.

சுருக்கத்தையும் இப்படியே அளந்து வையுங்கள். ஈர மண் பட்டை ஒன்றில் 10 செ.மீ. கோடு போட்டு, கடைசி வெப்பம் வரை சுட்டு மறுபடி அளங்கள். 8.8 செ.மீ. என்று வந்தால் சுருக்கம் 12 சதவீதம். 22 செ.மீ. தட்டு வேண்டும் என்றால் 22ஐ 0.88ஆல் வகுக்க வேண்டும், 25 வரும். பலர் 22ஓடு 12 சதவீதம் கூட்டி 24.6 என்று வனைந்துவிடுகிறார்கள். ஒரு தட்டுக்குப் பரவாயில்லை. மூடியும் பாத்திரமும் வேறு வேறு நாளில் செய்யும்போது, ஓர் உணவகத்துக்கு நூறு தட்டு அளவு சொல்லிச் செய்யும்போது இது பெரிய தலைவலி.

இனி, இந்தக் கட்டுரையை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன். தூசு.

களிமண்ணிலும் கிளேஸ் பொடிகளிலும் படிகச் சிலிக்கா இருக்கிறது. ஈரமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. காய்ந்து பொடியானதும் சில மைக்ரான் அளவுத் துகள்கள் காற்றில் மிதக்கத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியும் தூசு சீக்கிரம் கீழே படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் மணிக்கணக்கில் மிதந்து, நுரையீரலின் ஆழம் வரை போய்த் தங்குகிறது. அங்கே தழும்பு உண்டாகி நுரையீரல் இறுகுவதுதான் சிலிகோசிஸ். வந்துவிட்டால் அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பெரும்பாலும் பல வருடங்கள் சுவாசித்த பிறகுதான் மூச்சுத் திணறலாக வெளியே தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே, வேலையிடங்களில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

இருபது வயதில் இருமல்கூட வராது. அதனால்தான் இந்த வயதிலேயே பழக்கம் படிய வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பட்டறையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். ஈரத் துணியாலும் ஈர மாப்பாலும் துடையுங்கள். காய்ந்த பாத்திரத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். மண் கொஞ்சம் ஈரமாக இருக்கும் பதத்திலேயே ஸ்பாஞ்சால் வழித்துவிடுங்கள். ஏப்ரனில் காய்ந்து ஒட்டியிருக்கும் மண் ஒவ்வொரு அசைவிலும் உங்கள் மூக்குக்கு நேரே உதிர்கிறது. அதை அடிக்கடி துவையுங்கள், வீட்டுக்கு உடுத்திக்கொண்டு போகாதீர்கள். கிளேஸ் பொடி நிறுக்கும்போது என்95 அல்லது அதற்கு மேற்பட்ட முகக்கவசம் வேண்டும். அறுவை சிகிச்சை முகக்கவசமும் துணியும் இந்தத் துகளைத் தடுக்காது. தாடி இருந்தால் என்95கூட முகத்தோடு சரியாகப் பொருந்தாது. உங்கள் கல்லூரியில் உலர் துடைப்பம் புழக்கத்தில் இருந்தால் துறைத் தலைவரிடம் போய்ச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் எடுபடாது என்றால் வகுப்பாகச் சேர்ந்து சொல்லுங்கள்.

சூளைப் புகைக்கும் காற்றோட்டம் வேண்டும். மாங்கனீஸ் டைஆக்சைடு அதிகம் உள்ள கிளேஸைச் சுடும்போது வரும் புகை நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடியது. சூளை ஓடும் அறையில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டாம்.

உங்களுக்கு அடுத்து, உங்கள் பாத்திரத்தை வாங்குபவரின் உடல்நலம். சாப்பிடும் பாத்திரத்தில் ஈயம், காட்மியம், பேரியம் கலந்த கிளேஸ் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. ஈயம் இல்லாத கிளேஸிலும், சரியாக முதிராமல் சுட்டாலோ, செம்பு போன்ற உலோக ஆக்சைடை அளவுக்கு மீறிச் சேர்த்தாலோ, புளிப்பான உணவு அந்த உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கும். எலுமிச்சைத் துண்டை ஓர் இரவு வைத்துப் பார்ப்பது முதல் வடிகட்டல். நிறம் மாறினால் அந்த கிளேஸை ஒதுக்கிவிடுங்கள். மாறவில்லை என்பதற்காகப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. ஆய்வகத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்து, எவ்வளவு உலோகம் கரைந்தது என்று அளப்பார்கள். விற்க ஆரம்பிக்கும் முன் உங்கள் முக்கியமான கிளேஸ்களை ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்.

சரி, பிழைப்பு. தனிப் பட்டறை வைத்துக் கண்காட்சி நடத்துவது ஒன்றே வழி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வார்ப்பு அச்சு தயாரிப்பு, தொழிற்சாலை மாதிரி வடிவமைப்பு, கட்டடங்களுக்கான ஓடு வேலை, பழம்பொருள் பராமரிப்பு, கற்பித்தல், கல்லூரி டெக்னீஷியன் வேலை எல்லாமே இந்தப் படிப்பிலிருந்து போகக்கூடிய இடங்கள். டெக்னீஷியன் வேலையைக் குறைத்து எடைபோடாதீர்கள், சம்பளத்தோடு சூளையும் கிடைக்கிறது. லூசி ரீ 1938இல் வியன்னாவை விட்டு லண்டன் வந்தபோது, அங்கே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆடை வடிவமைப்பாளர்களுக்குச் செராமிக் பொத்தான்கள் செய்துகொடுத்து வாழ்ந்தார். 1946இல் அந்தப் பட்டறைக்கு வேலை தேடி வந்த ஹான்ஸ் கோப்பருக்கு மண்வேலை அனுபவமே கிடையாது. 20ஆம் நூற்றாண்டின் செராமிக் கலையில் பெரிய பெயர்கள் இருவரும். ஆடையின் நிறத்துக்கு ஏற்ப எத்தனையோ பொத்தான்களுக்கு கிளேஸ் தயாரித்த பழக்கம் பின்னால் லூசி ரீயின் கிண்ணங்களுக்கும் கைகொடுத்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

விலை வைக்கும்போது வனைந்த நேரத்தை மட்டும் கணக்கெடுப்பதுதான் புதிதாக வருபவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது. மண் பிசைதல், சீவுதல், கைப்பிடி ஒட்டுதல், கிளேஸ் பூசுதல், சூளை ஏற்றி இறக்குதல், அடி தேய்த்தல், படம் எடுத்தல், பொதி கட்டுதல் எல்லாம் நேரம்தான். 20 கோப்பை செய்து 16தான் விற்கும் தரத்தில் தேறியது என்றால், மொத்தச் செலவை 16ஆல் வகுக்க வேண்டும். கலைக்கூடங்கள் விற்பனை விலையில் பாதி வரைகூட எடுத்துக்கொள்வதுண்டு. அது போன பிறகும் உங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையை முதலிலேயே வையுங்கள். கூடத்தில் ஒரு விலை, நேரில் வருபவருக்குக் குறைந்த விலை என்று விற்றால் கூடத்துக்காரர் அடுத்த முறை கூப்பிட மாட்டார்.

கடைசிப் பருவத்தில் இருப்பவர்கள் இந்த மாதமே தொடங்கலாம். நீங்கள் பயன்படுத்திய ஒவ்வொரு கிளேஸின் செய்முறையையும், மண் எங்கிருந்து வாங்கப்படுகிறது என்பதையும், சூளையின் ஏற்ற இறக்க அட்டவணையையும் டெக்னீஷியனிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படிப்புக்குப் பிறகு எந்தச் சூளையில் சுடப்போகிறீர்கள் என்பதை இப்போதே விசாரியுங்கள். பகிர்ந்துகொள்ளும் பட்டறையா, சூளை வாடகையா என்று முடிவானதும், அங்கே கிடைக்கும் மண்ணில் உங்கள் கிளேஸ்களைச் சோதித்துப் பாருங்கள். மண் மாறினால் சூட்டில் விரிவடையும் அளவும் மாறும். கல்லூரி மண்ணில் ஒழுங்காக இருந்த கிளேஸ் புது மண்ணில் வலைபோல் நுண்விரிசல் விடலாம். சிலிக்காவைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்பது வழக்கமான முதல் வைத்தியம். அதைச் செய்து பார்க்கத் தராசும் பொடிகளும் கேட்டவுடன் சொல்லித்தர ஆளும் இப்போது உங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.