ஹேண்டில் முனை வயிற்றில் குத்தினால்

விபத்துப் பிரிவில் வேலை செய்யும் எனக்கு, கல்லுப் பாதையில் சைக்கிளோடு விழுந்தவர்கள் கூட்டமாக வந்தால் இரத்தம் ஒழுக வருகிறவரைவிட நடந்து வந்து வாங்கில் உட்காருகிறவரைப் பற்றித்தான் கவலை. கிழிந்த முழங்காலையும் முறிந்த காறை எலும்பையும் யாரும் தவறவிடுவதில்லை. வயிற்றுக்குள் பட்ட அடிதான் சத்தமில்லாமல் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை, நண்பர்களோடு பைனஸ் காட்டுப் பாதையில் இறங்கும்போது விழுந்த இளைஞர் ஒருவர், மீதித் தூரத்தையும் ஓட்டி முடித்திருக்கிறார். திங்கட்கிழமை என்னிடம் வந்து, "இடது தோள் பிடித்துக்கொண்டது டொக்டர், பூச ஏதாவது தாருங்கள்" என்றார். கையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார். சுழற்றச் சொன்னேன், சுழற்றினார். அமுக்கிப் பார்த்தாலும் தோளில் எங்கும் நோவில்லை. சட்டையை உயர்த்திப் பார்த்தேன். இடது விலாவுக்குக் கீழே ஐந்து ரூபாய்க் குற்றியளவில் ஒரு வட்டம். நடுவில் தோல் வெளிறி, ஓரம் மட்டும் கன்றி, முத்திரை குத்தியதுபோல் இருந்தது.

இடது விலாவுக்கு உள்ளே இருப்பது மண்ணீரல். அதிலிருந்து கசியும் இரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் அடியில் தேங்கி அதை உறுத்தும். உதரவிதானத்துக்கும் தோள்பட்டைக்கும் நரம்புகள் கழுத்தின் ஒரே பகுதியிலிருந்து வருவதால், நோவு தோளில் தெரிகிறது. ஸ்கேனில் மண்ணீரல் கீறியிருந்தது. சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை, வார்டில் படுக்கவைத்துக் கண்காணித்ததே போதுமாயிற்று. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. சிலருக்கு விழுந்து பல நாட்கள் சென்ற பிறகுதான் இரத்தக்கசிவு பெரிதாகும்.

இதற்கு வேகம் தேவையில்லை. கல்லிடுக்கில் முன்சில்லு மாட்டும், ஹேண்டில் திரும்பும், அதன் முனை வயிற்றைப் பார்த்து நிற்கும். உடம்பின் பாரம் முழுவதும் 22 மில்லிமீற்றர் வட்டமொன்றின் மேல் இறங்கும். நடக்கிற வேகத்திலேயே இது நடந்துவிடும். பைனஸ் காட்டில் உதிர்ந்த ஊசியிலை தடிப்பாகக் கிடந்து கல்லை மறைக்கும். காய்ந்தாலும் வழுக்கும், நனைந்தாலும் வழுக்கும். கூட்டமாகப் போகும்போது பின்னால் வருகிறவருக்கு முன்னால் போகிறவரின் பின்சில்லுதான் தெரியும், கல் தெரியாது. இடைவெளி விட்டு ஓட்டச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. பின்தங்கிவிட்டதாக மற்றவர்கள் நினைத்துவிடுவார்களாம்! கைப்பிடி ரப்பரின் முனை தேய்ந்து குழாய் வெளியே தெரிந்தால், அதற்கொரு மூடி போடாமல் ஏறவே வேண்டாம்.

விழுந்தவரிடம் "ஓட்ட முடியுமா?" என்று கேட்பது வீண். பத்துப் பேர் காத்து நிற்கையில் யார்தான் முடியாது என்பார்? அவருடைய சட்டையை உயர்த்திப் பாருங்கள். வட்ட அடையாளம், வயிற்று நோவு, வாந்தி, தலைச்சுற்று, வெளிறிய முகம், காரணமில்லாத தோள் நோவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சவாரி அத்தோடு முடிந்தது. அஸ்பிரின், ஐபுபுரோஃபன் போன்ற மாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும், கொடுக்காதீர்கள். சத்திரசிகிச்சை வேண்டியிருக்கலாம் என்பதால் குடிக்கவும் எதுவும் வேண்டாம். மலையகத்தில் இதைக் கடைப்பிடிக்கவைப்பது லேசில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் ஒருவர் விழுந்தால், அவர் எழும்புவதற்குள் சீனி தூக்கலாகப் போட்ட பிளேன்டீ வந்துவிடும். நன்றி சொல்லி வாங்கி, கூட வந்தவர்கள் குடிக்கட்டும்.

சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம், இலக்கம் 1990. அழைப்பவர் இடம் சொல்லத் தெரியாமல் திணறுவதில்தான் நேரம் போகிறது. தோட்டத்தின் பெயர், டிவிசன், எத்தனையாம் நம்பர் மலை, அதாவது எந்தத் தேயிலைத் துண்டு என்று சொன்னால் உள்ளூர்க்காரர் எவருக்கும் விளங்கும். கொழுந்தெடுக்கும் அக்காமாரிடம் கேளுங்கள், வாகனம் எந்தப் பாதையால் எதுவரை வரும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். இதையெல்லாம் காட்டுக்குள் இறங்குவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பள்ளத்தில் சிக்னல் இல்லையென்றால் ஒருவர் மேட்டுக்கு ஏற வேண்டும், இன்னொருவர் அடிபட்டவரை விட்டு நகரக் கூடாது. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகலானால் இடியோடு மழை வரும் என்பதால் அந்த மாதங்களில் மதியத்துக்கு முன்பே சவாரியை முடித்துக்கொள்ளுங்கள்.

கையை ஊன்றி விழுந்தவர்கள் பெருவிரலை நன்றாக விரித்துப் பாருங்கள். அதன் அடியில், மணிக்கட்டோரமாக ஒரு குழி விழும். அங்கே அமுக்கினால் நோகிறதென்றால் உள்ளேயிருக்கும் படகெலும்பு வெடித்திருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் அந்த வெடிப்புத் தெரியாமலே போவதுண்டு. அதனால்தான் கட்டுப் போட்டுவிட்டு, 10 முதல் 14 நாட்களில் மறுபடி வரச் சொல்கிறோம். "எக்ஸ்ரே சரிதானே" என்று கட்டைத் தாமே அவிழ்த்துவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து முழங்கையை நோக்கியே ஓடுகிறது. வெடிப்பு அதைத் துண்டித்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டு ஒட்டாமலே செத்துப்போகலாம். இரண்டாவது எக்ஸ்ரேக்குக் குறித்த நாளில் கிளினிக்குக்கு வந்துவிடுங்கள்.