முகமூடி யாரை ஏமாற்றும்?

குடியாத்தத்தில் பிளஸ் ஒன் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார், சூப்பர்ஹீரோ படத்துல ஹீரோ கண்ணைச் சுத்தி ஒரு கறுப்புப் பட்டை கட்டிக்கினு வந்தா ஊர்ல ஒருத்தருக்கும் யாருன்னு தெரியல. நான் துப்பட்டாவால மூஞ்சி முழுக்க மூடிக்கினு சைக்கிள்ல வந்தாக்கூட தெருமுனையிலயே எங்க ஆயா கண்டுபுடிச்சிடுது. இன்னா சார் லாஜிக் இது?"

கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு கதாநாயகன் வில்லன் வீட்டுக்குள் நுழைந்தபோது விசிலடித்த பரம்பரை நாம். ஹாலிவுட்டைக் கேலி செய்ய நமக்குத் தகுதி குறைவு. இருந்தாலும் இது நல்ல கேள்வி, ஏனென்றால் பதில் பாதிக்குப் பாதி. முகமூடி ஊரை ஏமாற்றும். ஆயாவை ஏமாற்றாது.

முதலில் ஊர். சூப்பர்மேன் வெறும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பாரே, அது எடுபடுமா என்று இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் 2016-இல் நிஜமாகவே சோதித்தார்கள். முன்பின் தெரியாத முகங்களின் படங்களை இரண்டிரண்டாகக் காட்டி, இருவரும் ஒரே ஆளா என்று கேட்டார்கள். இரண்டு படத்திலும் கண்ணாடி இருந்தாலோ, இரண்டிலும் இல்லாவிட்டாலோ சுமார் 80 சதவீதம் சரியான விடை. ஒன்றில் மட்டும் கண்ணாடி என்றால் 74 ஆக இறங்கியது.

எனக்கு அந்த 74-ஐ விட 80-தான் அதிக ஆச்சரியம். எந்த மறைப்பும் இல்லாதபோதே ஐந்தில் ஒரு தடவை தவறு! தெரியாதவர் முகத்தைப் பார்ப்பதில் நாம் அவ்வளவு மோசம். 2011-இல் வந்த இன்னொரு ஆய்வில் நெதர்லாந்துப் பிரபலங்கள் இருவரின் படங்களை, ஆளுக்கு 20 வீதம் 40 படங்களைக் கலந்து கொடுத்து, ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். அவர்களை அறியாத பிரிட்டன்காரர்கள் சராசரியாக ஏழெட்டு ஆட்களாகப் பிரித்தார்கள். நெதர்லாந்துக்காரர்கள் இரண்டே குவியலாகப் போட்டுவிட்டு எழுந்து போனார்கள். படம் அதேதான், ஒரு முகத்தைச் சிரித்தும் முறைத்தும், வெயிலிலும் டியூப்லைட்டிலும் பலமுறை பார்த்த மூளைக்கு வேறு கணக்கு இருக்கிறது.

சரி, கண்பட்டி ஏன்? முகத்தில் எதை மறைத்தால் அடையாளம் அதிகம் கெடும் என்று கேட்டால் எல்லாரும் கண் என்போம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பவன் சின்ஹாவின் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வு வேறு சொல்கிறது. பிரபலங்களின் படங்களில் கண்ணை அழித்துவிட்டுக் காட்டியபோது ஏறத்தாழ 56 சதவீதம் கண்டுபிடித்தார்கள். கண்ணை விட்டுவிட்டுப் புருவத்தை மட்டும் அழித்தபோது 46 சதவீதம்தான். புருவம் நெற்றிக்கும் கண்ணுக்கும் நடுவில் அழுத்தமான கறுப்புக் கோடு. தூரத்திலிருந்தும் தெரியும், வெளிச்சம் மாறினாலும் லேசில் மறையாது. பேட்மேனின் முகமூடி வாயைத் திறந்து விட்டுவிட்டு நெற்றியையும் புருவத்தையும் மூடுகிறது. வரைந்தவருக்கு இந்த ஆய்வு தெரிந்திருக்க வாய்ப்பில்லை, கை அறிந்திருக்கிறது.

இனி வேலூருக்கு வருவோம். அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வெயிலில் பழைய பஸ் ஸ்டாண்டு சிக்னலில் நின்று பாருங்கள். ஸ்கூட்டி ஓட்டும் பெண்கள் துப்பட்டாவை மூக்கு, வாய், காது எல்லாம் சேர்த்து இரண்டு சுற்று சுற்றி, பின்னால் முடிச்சுப் போட்டு, முழங்கைவரை கையுறை மாட்டியிருப்பார்கள். அத்தனை பேரும் முகமூடி வீராங்கனைகள். ஆனால் பக்கத்து வண்டியிலிருந்து "ஏய், எங்கடி இந்த வெயில்ல?" என்று ஒரு குரல் கேட்கும். துப்பட்டா மூடாதது என்ன? அதே புருவம்! சூப்பர்ஹீரோ மறைப்பதை வேலூர் திறந்து விடுகிறது, அவர் திறந்து விடுவதை வேலூர் மறைக்கிறது.

ஆனால் தெருமுனையில் வருபவளின் புருவம் ஆயாவுக்குத் தெரியாது. கண்ணில் புரை வேறு இருக்கலாம். அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை வருகிறது.

ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தின் குன்னர் யோஹான்சன் 1973-இல் செய்தது. ஒருவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டு மூட்டாகச் சின்ன பல்புகளையோ, லாரியின் பின்னால் ஒட்டுவார்களே, அதுபோல வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் துண்டுகளையோ பொருத்தினார். இருட்டில் படம் பிடித்தார். திரையில் முகம் இல்லை, உடை இல்லை, உடம்பின் கோடுகூட இல்லை. ஒரு டஜன் வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவே. ஆள் அசையாமல் நின்றால் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஓர் அடி எடுத்து வைத்ததும் "யாரோ நடக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு ஐந்தில் ஒரு விநாடி போதுமாக இருந்தது.

எப்படி? கணுக்கால் புள்ளியை மட்டும் தனியே பாருங்கள். தரையோடு நிற்கும், திடீரென்று எழும்பும், முன்னே வளைந்து பாயும், மறுபடி நிற்கும். என்ன உருவம் என்று சொல்லவே முடியாத வளைவு. இப்போது முழங்கால் புள்ளியையும் சேருங்கள். கணுக்கால் முழங்காலைச் சுற்றி ஊசலாடுவது தெரிகிறது. இடுப்பைச் சேர்த்தால் முழங்கால் இடுப்பைச் சுற்றி ஊசலாடுகிறது. இடுப்போ ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை மெல்ல ஏறி இறங்கியபடி முன்னே போகிறது. எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவான 'முன்னே போவதை' மூளை முதலில் கழித்துவிடுகிறது. மிச்சத்தில் ஒன்றிலிருந்து ஒன்று தொங்கும் ஊசல்களைக் காண்கிறது. பிளஸ் ஒன் இயற்பியலில் சார்பு வேகத்துக்கு நாம் தாளில் போட்டுத் திணறும் கணக்கை, காதுக்கு மேலே மூளையின் பக்கவாட்டில் ஓடும் ஒரு பள்ளம் சத்தமில்லாமல் போட்டு முடிக்கிறது. அதே படத்தைத் தலைகீழாகக் காட்டினால் அது தடுமாறுகிறது. தலைகீழாக நடப்பவர்களை அது பார்த்ததில்லையே!

ஊசலின் நீளம் ஆளுக்கு ஆள் வேறு. எடை வேறு, தோள் ஆடும் அளவும் இடுப்பு ஆடும் அளவும் வேறு. எனவே நடையில் கையெழுத்து விழுந்துவிடுகிறது. 1977-இல் அமெரிக்காவில் ஒன்றாகப் பழகிய ஆறு மாணவர்களை இப்படிப் புள்ளிகளாக்கி, எது யார் என்று அவர்களையே கேட்டார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் 17 சதவீதம் சரியாகும். அவர்கள் 38 எடுத்தார்கள். பள்ளிக்கூடக் கணக்கில் ஃபெயில் மார்க்தான், ஆனால் கேள்வித்தாளே வெறும் புள்ளிகள் என்பதை மறக்கக்கூடாது. 1981-இல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் விசித்திரம்: நண்பர்கள் நடையைவிடத் தங்கள் நடையையே நன்றாக அடையாளம் கண்டார்கள். தன் நடையைத் தானே யார் பார்த்திருக்கிறார்கள்? உள்ளிருந்து உணர்ந்ததை மூளை வெளியே பார்த்ததும் பொருத்திக்கொள்கிறது.

இப்போது ஸ்பைடர்மேனை யோசியுங்கள். முகம் முழுக்க மூடியிருக்கிறார், சரி. முகமூடி போட்டபின் அவர் நடப்பது அபூர்வம், கட்டடத்துக்குக் கட்டடம் தொங்கித் தாவுவார். நடை மறைந்துவிடுகிறது! நியூயார்க்கில் இது நடக்கும். வேலூரிலிருந்து காட்பாடிக்குப் பாலாற்றுப் பாலத்தின் மேல் எதில் வலை வீசித் தொங்குவது? இறங்கி நடந்தே ஆகவேண்டும், இல்லை ஷேர் ஆட்டோ.

இந்தப் படங்களில் காதலியையும் நண்பனையும் விட்டு ஹீரோ விலகும் காட்சி வந்ததும் பாப்கார்ன் வாங்க எழுந்து போவது என் வழக்கம். இதையெல்லாம் படித்தபின் உட்கார்ந்து பார்க்கிறேன். எதிரிக்குத் தெரிந்தால் அவர்கள் உயிருக்கு ஆபத்து, அதனால் பொறுப்பு கருதி விலகுகிறார் என்று படம் சொல்லும். அறிவியலின்படி அவருக்கு வேறு வழியும் இல்லை. லட்சம் பேருக்கு நடுவே அவரைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் அந்த நாலைந்து பேர்தான், அவர்களிடம் எந்தத் துணியும் பலிக்காது. அந்தத் தியாகத்தில் கண்ணீர் பாதி, கணக்கு பாதி.

முகம் படிக்கும் இந்தத் திறமைக்கும் ஒரு காலக்கெடு உண்டு. பிறவிப் புரையால் முதல் சில மாதங்கள் பார்வை மறைந்திருந்த குழந்தைகளை, பின்னால் வளர்ந்தபிறகு சோதித்தார்கள். அறுவை சிகிச்சையால் பார்வை வந்திருந்தும், கண்ணுக்கும் கண்ணுக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளியை வைத்து முகங்களைப் பிரித்தறிவதில் அவர்கள் பின்தங்கியிருந்தார்கள். 2001-இல் வெளியான முடிவு இது. கைக்குழந்தையின் கருவிழியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் திருஷ்டி சுற்றிப்போட்டு, தாயத்துக் கட்டி, ஆடி முடியட்டும் என்று காத்திருக்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்திலும் உண்டு. வெள்ளை, புற்றுநோயாகவும் இருக்கலாம். வேலூர் ஆரணி ரோட்டிலேயே ஷெல் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள், திருஷ்டியை வந்து கழித்துக்கொள்ளலாம்.

'மனிதர் நடப்பதை இருட்டில் பார்க்க வேண்டும், பல்பு வாங்கக் காசு கொடுங்கள்' என்று நம் ஊரில் விண்ணப்பம் போட்டால் என்ன பதில் வரும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 'சமுதாயத்துக்கு உடனடிப் பயன் என்ன' என்ற கட்டத்தை எப்படி நிரப்புவது? இன்றைக்கு நடக்கச் சிரமப்படும் குழந்தைகளின் மூட்டுகளில் புள்ளி ஒட்டி நடையை ஆராயும் கூடங்களிலும், அதே ஸ்பைடர்மேனைக் கணினியில் தாவவைக்கும் ஸ்டுடியோக்களிலும் நடப்பது இந்தப் புள்ளி வேலைதான். 1973-இல் யாரும் அதை அந்தக் கட்டத்தில் எழுதியிருக்க முடியாது.

கடைசியாகச் சிலந்தி. ஜன்னல் கம்பியில் வலை கட்டாமல் தத்தித் தத்திப் போகுமே, அந்தத் தாவும் சிலந்திக்கு இதே புள்ளிப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள், 2021-இல். அதற்கு எட்டுக் கண்கள். முன்னால் உள்ள பெரிய இரண்டும் நுணுக்கம் பார்க்க, பக்கக் கண்கள் அசைவு பார்க்க. சிலந்தியைப் பிடித்து ஓர் உருளும் பந்தின் மேல் நிறுத்தி, ஒருபக்கம் ஓர் உயிரைப்போல நகரும் புள்ளிகள், மறுபக்கம் தாறுமாறாக நகரும் புள்ளிகள். இரண்டையும் அது பிரித்தறிந்தது. உயிர்போல நகர்வதைப் பக்கக் கண்ணே விளங்கிக்கொண்டது போலும், தாறுமாறான பக்கம்தான் அது அதிகம் திரும்பியது. அது என்னவென்று பெரிய கண்ணால் பார்க்க.