ஓர்க்கா: சொல் விளக்கம்

ஓர்க்கா என்பது இலத்தீன் சொல். அம்மொழியில் அது பெருவயிற்றுச் சாடியையும் குறித்தது, ஒரு கடல்விலங்கையும் குறித்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானிய எழுத்தாளர் பிளினி, திமிங்கிலங்களைத் தாக்கும் கொடிய பகையாக அவ்விலங்கை வருணிக்கிறார். இன்றைய அறிவியல் பெயர் ஓர்சினஸ் ஓர்க்கா. அதன் முற்பகுதியை உரோமானியரின் கீழுலகத் தெய்வமான ஓர்க்கஸின் பெயரோடு இணைத்து விளக்குவது வழக்கம்.

ஓர்க்காவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கில்லர் வேல்’ என்ற பெயரைத் தமிழ் இதழ்கள் ‘கொலைகாரத் திமிங்கிலம்’ என்று பெயர்த்துக்கொண்டன. உண்மையில் இது ஓங்கில் (டால்பின்) குடும்பத்தின் மிகப் பெரிய விலங்கு. பசிக்கு வேட்டையாடுவதைக் கொலை என்றால் நெய்மீனும் கொலைகாரனே.

பெயரில் படிந்த அச்சம் கனடாவின் மேற்குக் கரையில் வினையாகவும் மாறியது. சால்மன் மீனுக்குப் போட்டி என்று கருதிய மீனவர்கள் இவற்றைச் சுட்டனர். 1960களின் தொடக்கத்தில் கேம்பெல் ரிவர் நகருக்கு அருகிலுள்ள நீரிணையில் அரசின் மீன்வளத் துறையே ஓர் இயந்திரத் துப்பாக்கியை நிறுவியது, எனினும் அது ஒருமுறையும் சுடப்படவில்லை. பின்னர் காட்சியகங்களுக்காகப் பிடிப்பது பெருகியது. எத்தனை எஞ்சியுள்ளன என்ற கேள்விக்கு 1970களில் விடை தேடிய ஆய்வாளர் மைக்கேல் பிக், முதுகுத்துடுப்பின் வடிவமும் அதன் பின்னுள்ள சாம்பல்நிறத் திட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறுபடுவதைக் கொண்டு, ஒளிப்படங்களின் துணையால் ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியே அடையாளம் கண்டு எண்ணினார். ஆயிரக்கணக்கில் இருப்பதாக நம்பப்பட்டவை சில நூறே என்று தெரிந்தது. வன்கூவர் தீவின் வடகிழக்கே ஜான்ஸ்டோன் நீரிணையில், கூழாங்கல் கரைகளில் இவை உடலைத் தேய்த்துக்கொள்ளும் ராப்சன் பைட் பகுதி 1982இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அருகிலுள்ள ஹான்சன் தீவில் ஆய்வாளர் பால் ஸ்பாங் 1970இல் தொடங்கிய ஆய்வகம், கடலடி ஒலிவாங்கிகள் வழியே இவற்றின் குரலைக் கேட்டு வருகிறது. அக்குரலிலும் கூட்டத்துக்குக் கூட்டம் வட்டார வழக்கு மாறுகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? திமிங்கிலம் என்ற வடசொல்லுக்கே ‘திமி என்னும் பெருமீனை விழுங்குவது’ என்று பொருள். அதையும் விழுங்குவதைத் திமிங்கிலகிலம் என்றனர். கம்பனும் அச்சொல்லை ஆண்டிருக்கிறான். திமிங்கிலத்தை வேட்டையாடும் ஓர்க்காவுக்கு இது வாகாகப் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் கனடாவின் அந்த மேற்குக் கரையில் உறையும் கூட்டங்கள் மீனை, குறிப்பாகச் சினூக் சால்மனை, உண்பவை. கடல்நாய்களையும் திமிங்கிலங்களையும் வேட்டையாடுவது அதே நீரில் திரியும் வேறொரு வகை. இரண்டும் தம்முள் இணைசேர்வதில்லை. ஆகவே உணவை வைத்துப் பெயரிடுவது ஒரு வகைக்கு மட்டுமே பொருந்தும்.

நம் கரைகளில் டால்பினுக்கு ஓங்கில், ஓங்கல் என்ற பெயர்கள் உண்டு. குடும்பமும் அளவும் ஒருசேர விளங்கப் ‘பேரோங்கில்’ என்பதை ஆளலாம் என்பது என் துணிபு. பொது வழக்கில் ஓர்க்கா என்றே எழுதினும் குற்றமில்லை. ஓரிடத்தில் தங்குவதை உறை பேரோங்கில் என்றும், திரிவதைத் திரி பேரோங்கில் என்றும் பிரித்துச் சொல்லலாம். பின்னதை ஆய்வாளர் பலர் இப்போது மைக்கேல் பிக்கின் பெயராலேயே குறிக்கின்றனர்.