முகாமில் பிறந்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிறந்த தேதி

பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடங்களிலும் மருத்துவமனைகளிலும் குண்டு விழுந்த போர், இலங்கை உள்நாட்டுப் போர். அதிலிருந்து தப்பி வந்த தமிழர்கள் சேலம் மாவட்டத்தில் குறுக்குப்பட்டி போன்ற முகாம்களில் வாழ்கிறார்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே முகாமில் பிறந்த பிள்ளைகள் உரிமையைத் தேட வேண்டிய இடம் குடியுரிமைச் சட்டம்.

1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பாலேயே இந்தியர். அன்று முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்திருந்தால் தாய், தந்தையில் ஒருவர் இந்தியர் என்றாலே போதும். அதன்பின் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியரானாலும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்று சொல்லிக் கதவை அடைத்துவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் 2001-இல் பிறந்தவள். தாய் தாரமங்கலத்துக்காரர், இந்தியர்; தந்தை முகாம்காரர். சட்டப்படி அவள் இந்தியர். ஓர் அலுவலகத்தில் "அப்பா முகாம் என்றால் நீயும் முகாம்தான்" என்று சொல்லி, படிவத்தில் குடியுரிமை என்ற கட்டத்தில் 'இலங்கை' என்று அவர்களே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லைத் திருத்த அவள் ஆறு முறை பஸ் ஏறினாள். யார் எழுதிக் கொடுத்தாலும் அந்தக் கட்டத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

பிறப்பால் இந்தியரானவர் குடியுரிமை கேட்டு மனுப் போடவே கூடாது. போட்டால் இந்தியர் அல்ல என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகப் பேசுவார்கள். நேராகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டிருக்கிறது.

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பல சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இருக்காது. தாயின் முதலெழுத்து ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். இதை விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்யுங்கள். பிறப்பையே பதியாமல் ஓராண்டு கடந்திருந்தால் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். தாய் இந்தியர் என்று காட்ட ரேஷன் அட்டை போதாது. அவருடைய பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் தேடி எடுங்கள்.

2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு 2025-இல் ஒன்றிய அரசு கொடுத்தது, உரிய ஆவணம் இல்லாமல் வந்து தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு மட்டுமே. அதைக் காட்டிக் குடியுரிமை வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

"நாளை வா" என்பது பதில் ஆகாது. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும் என்று சொல்லி அங்கும் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அதனால் தாய் இந்தியர் என்றால் மனுவை அவர் பெயரில் போடுங்கள்.