கடை திறக்கும் முன் ஜன்னலைத் திறங்கள்

கொரோனாவின் முதல் அலை தணிந்து, கடைகளைத் திறக்கலாம் என்று அனுமதி வந்த நாட்களில், பொது சுகாதார மருத்துவராக நான் தினமும் ஏதாவது ஒரு கடையிலோ சந்தையிலோ நின்றுகொண்டிருப்பேன். "எல்லாம் சரியாகச் செய்திருக்கிறோமா, வந்து பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர்" என்று கூப்பிடுவார்கள். அதில் ஒரு பலசரக்குக் கடை இன்னும் மனதில் நிற்கிறது. வாசலில் ஒரு பையன் வெப்பமானியை என் மணிக்கட்டில் காட்டினான். 34.1 டிகிரி. "சரி, உள்ளே போங்க" என்றான். கையில் கிருமிநாசினி ஊற்றினான். தரையில் மஞ்சள் வட்டங்கள் அளந்து போட்டிருந்தன. உள்ளே போனால், பில் போடும் இடத்தில் எட்டுப் பேர். பின்சுவரில் ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. அது தெரியாதபடி கூரை வரை மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

கடைக்காரரின் அக்கறையில் ஒரு குறையும் இல்லை. கையைப் பார்த்திருந்தார், தரையைப் பார்த்திருந்தார். காற்றைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இந்தக் கிருமி பெரும்பாலும் பரவுவது மூச்சுக்காற்று வழியாகத்தான். 2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோ நகரில் ஓர் உணவகத்தில் மூன்று குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் சாப்பிட்டன. தொற்றோடு வந்தவர் ஒரே ஒருவர். அவரையும் சேர்த்து, அந்த மூன்று குடும்பங்களில் 10 பேருக்கு நோய் வந்தது. மேசைகளுக்கு நடுவே சுமார் ஒரு மீட்டர் இடைவெளி இருந்தும் பயனில்லை. ஏசி அந்த மேசைகளுக்குள்ளேயே காற்றைச் சுற்றவிட்டது. வெளிக்காற்று உள்ளே வரச் சரியான வழி இல்லை. நம் கடைகளில் மாட்டியிருக்கும் ஏசிகளில் பெரும்பாலானவை அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் குளிர்வித்துத் திருப்பி விடுகின்றன. குளிர்ச்சியாக இருப்பதால் காற்று சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம்.

என் பையில் எப்போதும் கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி ஒன்று இருக்கும். திறந்தவெளியில் அது 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) அளவில் காட்டும். மூடிய அறையில் ஆட்கள் மூச்சுவிட விட எண் ஏறும். கிருமி இருக்கிறதா இல்லையா என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. பிறர் விட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். 800ஐத் தாண்டினாலே கதவைத் திறக்கச் சொல்வேன். அந்தக் கடையில் 1,600 காட்டியது. மூட்டைகளை நகர்த்தி, ஜன்னலைத் திறந்து, ஒரு மின்விசிறியை வெளியே பார்த்து வைத்தோம். கால் மணி நேரத்தில் எண் 700க்கு இறங்கியது. கடைக்காரர் கருவியைக் கையில் வாங்கி, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பில் போடுபவருக்கு முன்னால் பிளாஸ்டிக் திரை தொங்கவிடுவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். நேராக வந்து தெறிக்கும் எச்சிலை அது தடுக்கும், அவ்வளவுதான். சுற்றிலும் தொங்கவிட்டால் காற்றோட்டம் அடைபட்டு, உள்ளே உட்கார்ந்திருப்பவர் தேங்கிய காற்றிலேயே நாள் முழுக்க இருப்பார்.

அடுத்தது நேரம். இதைப் பற்றி நான் அதிகாரிகளிடமும் மன்றாடியிருக்கிறேன். "கூட்டத்தைக் குறைக்க, நான்கு மணி நேரம் மட்டும் திறக்கலாம்" என்று நல்லெண்ணத்தில் அப்போது உத்தரவு போட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சந்தைக்கு நாளைக்கு 600 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் 20 நிமிடம் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 மணி நேரம் திறந்திருந்தால் ஒரே சமயத்தில் உள்ளே சராசரியாக 20 பேர். அதே 600 பேர் 4 மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும் என்றால் 50 பேர். நேரத்தைக் குறைத்தோம், கூட்டத்தைக் கூட்டினோம். நேரத்தை நீட்டுங்கள். வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் காலையில் முதல் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிக் கொடுங்கள்.

விவசாயிகள் சந்தைக்கு இயல்பாகவே ஒரு வசதி உண்டு: மேலே வானம். திறந்தவெளியில் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. அதனால் சந்தையை மூடிவிட்டு மக்களை மூடிய கடைகளுக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே சமயம் எல்லாச் சந்தையும் திறந்தவெளி இல்லை. 2020 ஜூன் மாதம், ஐம்பது நாட்களுக்கு மேல் உள்ளூர்த் தொற்றே இல்லாமல் இருந்த பெய்ஜிங்கில், ஷின்ஃபாதி மொத்த விற்பனைச் சந்தையில் திடீரென்று தொற்று பரவி, சந்தையையே மூடினார்கள். மீன் வெட்டும் பலகையில் கிருமி என்று செய்தி வந்ததும் எல்லோரும் மீனுக்குப் பயந்தார்கள். ஆனால் நோய் வந்தவர்கள் அதிகம் இருந்தது கடலுணவுப் பகுதியில் மட்டுமல்ல, இறைச்சிப் பகுதியிலும்தான். இரண்டுமே குளிரும் ஈரமும் நிறைந்த மூடிய இடங்கள்.

சந்தையில் நான் முதலில் போய் நிற்பது தராசுப் பக்கம். நெரிசல் அங்கேதான். ஒரு கிலோ, அரைக் கிலோ என்று முன்பே கட்டி வைத்துவிட்டால் வரிசை பாதியாகக் குறையும். அப்புறம், மண் ஒட்டிய கையில் கிருமிநாசினி சரியாக வேலை செய்யாது. காய்கறி இறக்குபவர்களுக்கும் விற்பவர்களுக்கும் தேவை ஒரு குழாயும் சோப்பும்தான். வாங்குபவர்கள் வீட்டில் காய்களை ஓடும் நீரில் கழுவினால் போதும். சோப்போ பிளீச்சிங் கரைசலோ போட்டுக் கழுவக் கூடாது, வயிற்றைக் கெடுக்கும்.

ஆட்கள் மீது மருந்து தெளிக்கும் சுரங்கப்பாதைகள் வேண்டவே வேண்டாம். கண்ணும் தோலும் எரிவதுதான் மிச்சம். உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே இதைக் கூடாது என்று சொல்லிவிட்டது. பிளீச்சிங் கரைசலோடு கழிவறை கழுவும் ஆசிடைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். பல வாரம் பூட்டிக் கிடந்த கட்டடமாக இருந்தால், தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கலாம். அந்த நீரின் சாரலை மூச்சில் இழுத்தால் நிமோனியா வரலாம். தொட்டியைக் கழுவி, எல்லாக் குழாய்களையும் திறந்து பழைய நீரை ஓடவிட்ட பிறகே ஆட்களை உள்ளே விடுங்கள்.

மீண்டும் அந்த வெப்பமானிக்கு வருகிறேன். அறிகுறி தெரிவதற்கு ஏறக்குறைய இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் நோயைப் பரப்ப முடியும். காய்ச்சலே வராமலும் பரப்பலாம். வாசலில் எண் பார்த்து யாரையும் பிரித்துவிட முடியாது. ஊழியர்கள் "தொண்டை கரகரக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்வது அதைவிடப் பல மடங்கு உதவும். அப்படிச் சொல்ல அவர்களுக்குத் துணிவு எங்கிருந்து வரும்? நான் அந்தக் கடையிலிருந்து கிளம்பும்போது, வெப்பமானி பிடித்த பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான். எத்தனை நாளாக என்று கேட்டேன். "நேத்துலேர்ந்துதான் சார். வீட்ல இருந்தா கூலி கிடையாது" என்றான். பக்கத்தில் நின்ற முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

ஊழியர்கள் தங்களுக்குள் நோயைப் பரப்பிக்கொள்வது பெரும்பாலும் வாடிக்கையாளர் முன்னால் இல்லை. முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சேர்ந்து சாப்பிடும் பின்னறையில், விடிகாலை லாரியிலிருந்து மூட்டை இறக்கும் நேரத்தில், இறக்கிவிட்டு நெருக்கியடித்துப் படுக்கும் இடத்தில். பகலில் பார்வையிட வருபவர்கள் கண்ணில் இவை படுவதே இல்லை. சாப்பாட்டை வெளியே, இரண்டு பேர் இரண்டு பேராகச் சாப்பிடச் சொல்லுங்கள். உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருக்கும் நாட்களுக்கும் கூலி உண்டு என்பதை முதல் நாளே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். ஒரு கடையால் தாங்க முடியாது என்றால், தெருவில் இருக்கும் கடைகள் சேர்ந்து ஒரு பொது நிதி வைக்கலாம்.

அந்தக் கடைக்காரர் அன்றே பையனைக் கூலியோடு வீட்டுக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். ஜன்னல் திறந்தே இருக்கிறது என்றார். இன்னும் இரண்டு பேர் உடம்பு சரியில்லை என்று தாங்களாகவே வந்து லீவு கேட்டார்களாம். கடை ஆரம்பித்ததிலிருந்து ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை என்றார்.