காயப்பட்ட அண்ணாமாருக்கு மாதக் கொடுப்பனவு: கூடப் போற பெடியள் தெரிஞ்சிருக்க வேண்டியது

புதுக்குடியிருப்பு, மல்லாவி, ஒட்டுசுட்டான் எண்டு எந்தப் பக்கம் போனாலும் இயக்கத்தில இருந்து காயப்பட்டு வீட்டோட இருக்கிற அண்ணாமார் அக்காமார் இருக்கினம். ஆமிக்காரருக்கு நலன் பாக்க 1999ம் ஆண்டுச் சட்டத்தால வந்த ரணவிரு சேவா அதிகாரசபை இருக்கு, இவைக்கு அப்பிடி ஒண்டும் இல்லை. ஆனா மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு எல்லாருக்கும் பொதுவானது, எப்பிடிக் காயப்பட்டது எண்டதில்லை, இப்ப உடம்பு என்ன நிலையில இருக்கு, வீட்டில என்ன வருமானம் எண்டதுதான் கணக்கு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில அதை 7,500 ரூபாயில இருந்து 10,000 ஆக்கினவை.

அஸ்வெசும எண்டது வருமானம் குறைஞ்ச குடும்பத்துக்கு அரசாங்கம் குடுக்கிற உதவிக்காசு, இது ஆளுக்குக் குடுக்கிறது. ரெண்டையும் ஒண்டெண்டு நினைச்சு, அஸ்வெசும வரேல்லைத்தானே எண்டு இதையும் கேக்காம விட்ட ஆக்கள் கனபேர்.

முதல்ல விதானையாரிட்ட (கிராம சேவையாளர்) போய்ப் பதியோணும், பிறகு பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரைப் பிடிக்கோணும். ஐடென்டி காட், வங்கிப் புத்தகம், அரசாங்க டொக்டர் குடுக்கிற மருத்துவ அறிக்கை, எல்லாத்திலயும் ரெண்டு போட்டோக்கொப்பி. கஷ்டம் வாறது அந்த அறிக்கையிலதான். கால் இல்லை எண்டா பாத்த உடன தெரியும், தலைக்குள்ள ஷெல் பீஸ் கிடந்து வலிப்பு வாற ஆள் நல்லாத்தான் நடந்து வருவார், டொக்டர் கேட்டா "பரவாயில்லை டொக்டர்" எண்டு சொல்லிப்போட்டு வந்திடுவார், இவை அப்பிடித்தான் வாய் திறந்து கஷ்டம் சொல்ல மாட்டினம். அதால நீங்கள் முதல் நாளே வீட்டுக்குப் போய் வலிப்பு எத்தினை நாளைக்கு ஒருக்கா வருது, தனியக் குளிக்க ஏலுமோ, படுக்கைப் புண் இருக்கோ எண்டு கேட்டு ஒரு துண்டில எழுதிக் குடுங்கோ, பழைய கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே இருந்தா அதையும் எடுத்துக்கொண்டு போங்கோ.

பேரைப் பதிஞ்ச உடன காசு வராது, காத்திருப்புப் பட்டியல் எண்டு ஒண்டு இருக்கு. பதிஞ்ச திகதியைக் குறிச்சு வைச்சு இடைக்கிடை போய்க் கேளுங்கோ.

கழகப் பெடியளுக்கு ஒண்டு சொல்லோணும். சாமான் பொதி குடுத்துப் போட்டோ எடுத்து முகநூலில போடுற வேலையை விடுங்கோ. இப்பவும் விபரம் எடுக்க ஆக்கள் வருவினமோ எண்ட பயத்திலதான் கனபேர் ஒஃபீஸ் வாசலுக்கே போகாம இருக்கினம், அவையின்ர பேரையும் விலாசத்தையும் லிஸ்ட் போட்டு வட்ஸ்அப் குறூப்பில சுத்த விடுறது உதவி இல்லை. ஒரு ஓட்டோவைப் பிடிச்சு, அரை நாள் கூட நிண்டு, படிவத்தை நிரப்பிக் குடுத்தாலே காணும்.

அப்பிடிப் போகேக்க வீட்டில இருக்கிற அம்மாவையும் மறக்காதேங்கோ, 70 தாண்டின ஆக்களுக்கு முதியோர் கொடுப்பனவு இருக்கு, அதையும் அதே வரவுசெலவுத் திட்டத்தில 3,000 இல இருந்து 5,000 ஆக்கினவை. வீடு திருத்த, சுயதொழில் தொடங்க, சக்கர நாற்காலி எடுக்கவும் அதே சமூக சேவை உத்தியோகத்தரிட்டத்தான் கேக்கோணும், ஆனா அது நிதி வாறதைப் பொறுத்தது, கிடைக்கும் எண்டு வாக்குக் குடுத்திடாதேங்கோ.

செயற்கைக் கால் போட்டிருக்கிற ஆக்களுக்குக் காலப்போக்கில மிச்சக் கால் மெலிஞ்சு, அதைச் செருகிற கிண்ணம் லூசாகும், துணியைச் சுத்திச் சமாளிச்சுக்கொண்டு திரிவினம், பிறகு அது உரசிப் புண்ணாகும். யாழ்ப்பாணத்தில 1987 இல இருந்து இயங்கிற ஜெய்ப்பூர் நிலையத்தில கால் செய்யினம். முதல்ல போன் அடிச்சு நாள் கேட்டிட்டு, போகேக்க பழைய காலையும் கையோட கொண்டு போங்கோ.