ஹாவார்ட் விமானத்தின் அலறல் யாருக்குக் கேட்கிறது?

சாவகச்சேரியில் வசிக்கும் வாசகி ஒருவர் கேள்வியுடன் இரண்டு காணொளிகளையும் அனுப்பியிருக்கிறார். கனடாவிலுள்ள அவருடைய தம்பி, ஒன்ராறியோ மாகாணத்தில் பழைய ஹாவார்ட் பயிற்சி விமானம் ஒன்றின் பின்னிருக்கையில் கட்டணம் செலுத்திப் பறந்திருக்கிறார். முதற் காணொளி அவர் உள்ளே இருந்து எடுத்தது. அதில் கேட்பது கனமான எஞ்சின் இரைச்சல் மட்டுமே. இரண்டாவதை, ஓடுபாதைக்கு அப்பால் புல்வெளியில் நின்ற அவருடைய மனைவி எடுத்திருக்கிறார். விமானம் மேலெழுந்து அவரைக் கடக்கும் அந்தச் சில செக்கன்களில் தகரத்தை நீளவாக்கில் கிழிப்பது போன்ற ஓர் அலறல் எழுந்து, கடந்ததும் அடங்கிவிடுகிறது. "ஒரே விமானம், ஒரே நேரம். வெளியே நின்றவவுக்குக் கேட்டது உள்ளே இருந்தவனுக்கு ஏன் கேட்கவில்லை? எஞ்சினில் ஏதும் பழுதோ?" என்று அக்காவுக்கே உரிய கவலையோடு கேட்டிருக்கிறார்.

பழுது எதுவும் இல்லை. நல்ல நிலையிலுள்ள எல்லா ஹாவார்ட் விமானங்களும் புறப்படும்போது அப்படித்தான் அலறும்.

அமெரிக்காவின் நோர்த் அமெரிக்கன் நிறுவனம் 1935 ஏப்ரலில் முதன்முதலாகப் பறக்கவிட்ட ஒரு பயிற்சி விமானத்தின் வழிவந்தது ஹாவார்ட். அதன் பல்வேறு வகைகளுமாக 15,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. 1939 டிசெம்பர் 17 இல் கையெழுத்தான பொதுநலவாய விமானப் பயிற்சித் திட்டத்தின் கீழ் கனடாவில் 131,000க்கும் அதிகமான விமானப் படையினர் பயிற்சி பெற்றனர்; அவர்களுள் பல விமானிகள் போர் விமானத்தைத் தொடுவதற்கு முன் இதைத்தான் ஓட்டிப் பழகினார்கள். இன்று ஒன்ராறியோவின் டில்சன்பேர்க் போன்ற இடங்களில் ஆர்வலர்கள் இவற்றைப் பறக்கும் நிலையில் வைத்திருக்கிறார்கள். பயணிகள் செலுத்தும் கட்டணம் எரிபொருளுக்கும் பராமரிப்புக்கும் கைகொடுக்கிறது.

பறப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு இருக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளன. சிறிய சக்கரம் வாலின் கீழ் இருப்பதால் தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். விமானிக்கு முன்னே இருப்பது தெரியாது. ஆகவே ஓடுபாதைக்குச் செல்லும்போது இடமும் வலமுமாக வளைந்து வளைந்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்தபடிதான் போகவேண்டும். புறப்படும்போது முதலில் வால் எழும்பும், பிறகு விமானமே எழும்பும். எமது கேள்விக்குரிய சத்தம் பிறப்பது இந்தக் கட்டத்தில்தான்.

விமானத்தின் மூக்கில் இருப்பது 9 உருளைகளை வட்டமாக அடுக்கிய 600 குதிரைவலு பிராட் அண்ட் விட்னி வாஸ்ப் எஞ்சின். புறப்படும்போது அதன் சுழல்தண்டு நிமிடத்துக்கு 2250 தடவை, அதாவது செக்கனுக்கு 37.5 தடவை சுற்றுகிறது. நான்கடிப்பு எஞ்சின் ஆகையால் ஒவ்வோர் உருளையும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஒன்பதும் சேர்ந்து செக்கனுக்கு ஏறத்தாழ 169 வெடிப்புகள். உள்ளே இருந்தவர் கேட்ட கனமான இரைச்சலில் பெரும்பங்கு இதுவே. முன்விசிறிக்கு இரண்டு தகடுகள் மட்டுமே உள்ளதால் அது எழுப்பும் ஒலியின் அடிப்படை மீடிறன், அதாவது செக்கனுக்கான அதிர்வு எண்ணிக்கை, 37.5 இன் இருமடங்கு, 75 ஹேர்ட்ஸ். இதுவும் தாழ்ந்த முழக்கந்தான். அப்படியானால் அலறல் எங்கிருந்து வருகிறது?

தகட்டின் நுனியைக் கவனிக்க வேண்டும். விசிறியின் விட்டம் ஏறத்தாழ 2.74 மீற்றர். நுனி ஒரு சுற்றில் கடக்கும் தூரம் 8.6 மீற்றர், செக்கனுக்கு 37.5 சுற்று என்றால் நுனியின் கதி செக்கனுக்கு 323 மீற்றர். அத்துடன் விமானம் செக்கனுக்கு 50 மீற்றர் முன்னோக்கிச் செல்கிறது. இரண்டும் செங்கோணத்தில் இருப்பதால், பைதகரஸ் தேற்றத்தின்படி கூட்டினால் 327 வரும். 5 பாகை செல்சியஸ் குளிரில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 334 மீற்றர். ஆக, அந்த உலோகத் தகட்டின் நுனி ஒலியை விடச் செக்கனுக்கு வெறும் 7 மீற்றர்தான் பின்தங்கி ஓடுகிறது.

பௌதிகவியலில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று இது. ஆகவே இங்கே சற்று நின்று பார்ப்போம். நுனி உங்களை நோக்கி வரும் ஒரு கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது வட்டத்தில் திரும்புகிறது என்பதை இப்போதைக்கு மறந்துவிடலாம். அந்தக் கணத்தில் நுனி காற்றைத் தள்ளி ஓர் அமுக்கத் துடிப்பை அனுப்புகிறது. ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் அந்தத் துடிப்பு 33.4 சென்ரிமீற்றர் முன்னே போய்விடும். அதே நேரத்தில் நுனியும் 32.7 சென்ரிமீற்றர் அதன் பின்னே ஓடி வந்துவிடும். இரண்டுக்கும் இடையே எஞ்சியிருப்பது 7 மில்லிமீற்றர். அந்த ஆயிரத்திலொரு செக்கன் முழுவதும் தகடு எழுப்பிய ஒலி அத்தனையும் சிறுவிரலின் அகலம்கூட இல்லாத அந்த இடைவெளிக்குள் அடைந்து கிடக்கிறது. ஆகவே எழுப்பப்படுவதற்கு எடுத்த நேரத்தின் ஏறத்தாழ 48 இல் ஒரு பங்கு நேரத்தில் அது முழுவதும் உங்கள் காதில் வந்து விழுகிறது.

நுனி மெதுவாகச் சுழன்றிருந்தால் மென்மையாக ஏறி இறங்கும் ஓர் அலையே வந்திருக்கும். இப்போது வருவது ஊசிபோல் மெலிந்து செங்குத்தாக எழும் துடிப்பு. துடிப்பு எவ்வளவு கூர்மையாகிறதோ அவ்வளவுக்கு அதில் மேற்றொனிகள், அதாவது அடிப்படை மீடிறனின் மடங்குகளாக எழும் ஒலிகள், மிகும் என்பதை உயர்தரம் படித்தவர்கள் அறிவார்கள். செக்கனுக்கு 75 துடிப்புகள் என்ற எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் 150, 225, 300 என்று தொடங்கி ஆயிரங்கள் வரை மேற்றொனிகள் பலமாக எழுகின்றன. மனிதக் காது 75 ஹேர்ட்ஸுக்கு மந்தமானது. 2000 முதல் 5000 ஹேர்ட்ஸ் வரை மிகக் கூர்மையானது. சத்தியின் ஒரு பகுதி அந்த வீச்சுக்குள் ஏறியதுமே முழக்கம் அலறலாகிவிடுகிறது. இதனுடன் இன்னொன்றும் சேர்கிறது. தகட்டின் வளைந்த மேற்பரப்பைத் தழுவிச் செல்லும் காற்று நுனியைவிட வேகமாக ஓடவேண்டியிருப்பதால் சில இடங்களில் அது ஒலியின் வேகத்தையும் தாண்டி, தகட்டின் மேலேயே சிறிய அதிர்ச்சி அலைகளை உண்டாக்குகிறது.

இனி, வாசகியின் கேள்விக்கு விடை எளிது. இந்த நெருக்கம் நுனி யாரை நோக்கி ஓடி வருகிறதோ அவருக்கு மட்டுமே உரியது. விசிறி சுழலும் தளத்திலும் அதற்குச் சற்று முன்னேயும் நிற்பவரை நோக்கி ஒவ்வொரு தகடும் சுற்றுக்கு ஒருமுறை பாய்ந்து வருகிறது. விசிறிக்குப் பின்னே, ஏறத்தாழ அதன் அச்சின் மேலேயே அமர்ந்திருக்கும் பயணியை நோக்கி எந்த நுனியும் வருவதில்லை. அவரைப் பொறுத்தவரை நுனிகள் குறுக்காகத்தான் ஓடுகின்றன. குறுக்காக ஓடும் ஒலிமூலத்தின் அலைகள் நெருங்குவதில்லை. அவர் காதுகளை மூடி, இரைச்சலைக் குறைக்கும் விமானச் செவிக்கருவி இருந்ததும் உண்மை. ஆனால் அது இல்லாவிட்டாலும் மனைவி கேட்ட அந்த அலறலை அவர் கேட்டிருக்க மாட்டார். விமானம் மனைவியைக் கடந்து போனதும் அலறல் சட்டென்று அடங்கியதற்கும் இதுவே காரணம்.

இதே விமானத்தைச் சித்திரை வெயிலில் பலாலியிலிருந்து கிளப்பினால் இவ்வளவு அலறாது. ஒலியின் வேகம் வெப்பநிலையோடு கூடுகிறது. 30 பாகையில் அது செக்கனுக்கு 349 மீற்றர். அப்போது துடிப்புக்கும் நுனிக்கும் இடையே 7 மில்லிமீற்றருக்குப் பதிலாக 2.2 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கும். கூர்மை மூன்றில் ஒன்றாகக் குறையும். மாறாக, கனடாவில் சுழியத்துக்குக் கீழ் 10 பாகை என்றால் ஒலியின் வேகம் 325 ஆகிவிடும். நுனி ஒலியையே முந்திவிடும்.

பொறியியலாளர்கள் ஏன் இதைப் பொறுத்துக்கொண்டார்கள்? எஞ்சினுக்கும் விசிறிக்கும் இடையே கதி குறைக்கும் பற்சில்லுகளை வைத்திருந்தால் நுனி மெதுவாகச் சுழன்றிருக்கும். கனடாவில் உருவான ஒட்டர் விமானத்தில் இதே வாஸ்ப் எஞ்சினை அவ்வாறு பற்சில்லுடன்தான் பொருத்தினார்கள். ஆனால் பற்சில்லு என்றால் கூடுதல் எடை, கூடுதல் செலவு, பழுதாகக்கூடிய இன்னொரு பாகம். மாணவர்கள் நாள்முழுதும் தட்டுத்தடுமாறி இறக்கும் பயிற்சி விமானத்துக்கு எளிமையே முக்கியம். அதோடு 2250 சுற்று தேவைப்படுவது புறப்படும் சிறிது நேரத்துக்குத்தான். மேலே ஏறியதும் விமானி சுற்றை 1850 அளவுக்குக் குறைத்துவிடுவார். விமானத்தின் முன்னோக்கிய கதியையும் சேர்த்து நுனியின் கதி 275 ஆகும், இடைவெளி 6 சென்ரிமீற்றராக விரியும், அலறல் மறையும்.

இந்த அலறல் எஞ்சினின் பலத்தைக் காட்டுவதன்று. ஒலியின் வேகத்தை நெருங்கும் தகட்டில் இழுவை சடுதியாக ஏறுவதால், எஞ்சின் கொடுக்கும் வலுவில் ஒரு பங்கு விமானத்தை இழுக்காமல் வீணாகிறது. அந்த வீணின் அறிகுறியே நாம் கேட்பது. சத்தம் கூடினால் பலம் கூடும் என்ற நம்பிக்கை எம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றிவிட்டுக் கே.கே.எஸ். வீதியில் பறக்கும் இளைஞர்களும் அதைத்தான் நம்புகிறார்கள். அது ஒரு மூடநம்பிக்கை. பேய் பிசாசை நம்புவதைவிட அது எவ்வகையிலும் மேலானதன்று என்பது என் கருத்து.

விமானச் சத்தம் பற்றி யாழ்ப்பாணத்தில் எழுதும்போது இன்னொன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து எமது வானில் குண்டு வீசிய, மக்கள் சியாமாசெட்டி என்று அழைத்த சிறு விமானமும் இத்தாலியில் பயிற்சிக்கென வடிவமைக்கப்பட்ட ஒன்றே. அது வருகிறதா, அவ்ரோ என்ற போக்குவரத்து விமானம் வருகிறதா, ஹெலி வருகிறதா என்பதைப் பதுங்குகுழிக்குள் இருந்தபடியே காதால் பிரித்தறிந்த தலைமுறை எமது. விமானம் தாழக் குத்தும்போது சத்தத்தின் சுருதி ஏறும் என்பதை தொப்ளர் விளைவைப் படிக்காத பிள்ளைகளும் அறிந்திருந்தார்கள். அச்சத்திலிருந்து பிறந்ததாயினும் அது நுட்பமான ஒலியியல் அறிவு. வயோதிபர்களின் நினைவிலுள்ள அந்த அறிவைக் கேட்டுப் பதிவுசெய்வது வரலாற்றுக்கும் பௌதிகவியலுக்கும் பொதுவான பணி. இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதத்தையே ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. அது வெட்கத்துக்குரிய அளவு. ஆயினும் ஓர் ஒலிவாங்கியும் ஒரு கணினியும் போதுமான இத்தகைய வேலைக்கு அதைக் காரணம் காட்டக்கூடாது.

உயர்தர மாணவர்கள் அந்த இரண்டாவது காணொளியிலிருந்தே பலவற்றைக் கணித்துவிடலாம். ஒலியை மீடிறன்களாகப் பிரித்துக் காட்டும் இலவசச் செயலிகள் கைத்தொலைபேசிக்குக் கிடைக்கின்றன. விமானம் தொலைவிலிருந்து நேராக நெருங்கும்போது விசிறியின் அடிப்படைக் கோடு 88 ஹேர்ட்ஸிலும், கடந்து தொலைவுக்குப் போனபின் 65 ஹேர்ட்ஸிலும் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் வித்தியாசம் 23, கூட்டுத்தொகை 153. முன்னதைப் பின்னதால் வகுத்து ஒலியின் வேகமான 334 ஆல் பெருக்கினால் விமானத்தின் கதி செக்கனுக்கு 50 மீற்றர், அதாவது மணிக்கு 180 கிலோமீற்றர் என்று வரும். இரண்டு மீடிறன்களின் பெருக்கத்தை இருமடங்காக்கி 153 ஆல் வகுத்தால் உண்மையான மீடிறன் ஏறத்தாழ 75. அதை இரண்டு தகடுகளுக்காக 2 ஆல் வகுத்து 60 ஆல் பெருக்கினால், விமானியின் முன்னுள்ள மானி அந்தக் கணத்தில் காட்டிய 2250 சுற்று கிடைத்துவிடும்.